ஒரு முட்டை போதுமே

காலடியில் கிடந்ததைப் பார்த்ததும் ஒச்சாயாவுக்குக் கால்கள் வெடவெடத்தன. ஆறு வருஷம் காட்டில் துப்பாக்கியோடு அலைந்தவன் ஒரு கோழிமுட்டைக்கு இப்படி நடுங்குகிறானே என்று ஊர் உச்சுக்கொட்டியது.

"பாவம், அங்க என்ன பாடுபட்டானோ!"

உண்மையில் அவன் காட்டுப் பக்கமே போனதில்லை. சோப்பு வாங்கி வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் தலைநகர் கம்பாலாவுக்கு பஸ் ஏறியவன், அங்கே நமுலி என்பவளோடு முட்டைச் சப்பாத்திக் கடை போட்டு, தினம் நூறு முட்டை உடைத்துக்கொண்டிருந்தான். சண்டைக் காலத்தில் காணாமல் போனவர்களையெல்லாம் கிளர்ச்சிக்காரர்கள் பிடித்துப் போனதாகவே ஊர் நம்பியது அவனுக்கு வசதியாகப் போயிற்று.

போன மாதம் நமுலி விரட்டிவிட்டாள். இனி மனைவி லமுனுவை விட்டால் அவனுக்கு நாதியில்லை. 'எங்கே இருந்தாய்?' என்று அவள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், உளறிவிடுவான்.

முட்டையைக் கொண்டுவந்து வைத்ததே லமுனுதான். அவள் இடுப்பில் இரண்டு வயசுப் பயல் ஒருவன்; பக்கத்து வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது என்று ஒச்சாயா நினைத்துக்கொண்டான். கையில் இன்னொரு முட்டை.

"ஒண்ணு போதுமேம்மா" என்றார் குலப்பெரியவர்.

"அது கூமுட்டையா இருந்துட்டா?"

பெரியவர் தொண்டையைச் செருமினார். "ரொம்ப நாள் வெளிய கிடந்துட்டு வீடு திரும்புறவங்க யாரா இருந்தாலும் இதை மிதிச்சிட்டுத்தான் உள்ள போகணும். மிதிச்சாச்சுன்னா பழசைக் கிளறக் கூடாது. பெண்டாட்டியும் கேக்கக் கூடாது. என்ன லமுனு?"

"சத்தியமா கேக்க மாட்டேங்க."

ஒச்சாயா கண்ணை மூடிக்கொண்டு மிதித்தான். சதக்! பெண்கள் குலவையிட்டார்கள். நிம்மதியில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர்களுக்காகக் கட்டியிருந்த புதுக் குடிசையின் வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தான்.

"கொஞ்சம் இருங்க" என்ற லமுனு, இரண்டாவது முட்டையைத் தரையில் வைத்தாள். "நானும் அஞ்சு வருஷம் அகதி முகாம்ல கிடந்துட்டு இப்பதானே வந்திருக்கேன்? இந்த வாசலை இன்னும் தாண்டலையே."

"நியாயந்தான்" என்றார் பெரியவர்.

ஓங்கி மிதித்தாள். அதே குலவை மறுபடியும் கேட்டது. பிறகு இடுப்பில் இருந்தவனை ஒச்சாயாவின் கையில் திணித்தாள்.

"இனி நீங்களும் எதுவும் கேக்கக் கூடாது. உங்க பையனைப் பிடிங்க!"