படத்தில் இருந்த கொடி

என் முறை வந்ததும், விசாரணைக் குழுவுக்கு எதிரே மைக் முன்னால் போய் நின்றேன்.

சுருக்கமாகப் பேசுங்கள் என்றார்கள். எதைச் சுருக்க? மயக்கமோ போதையோ தரும் பொருள் இயற்கையாகவே இருக்கிற எந்தச் செடியையும் இனி யாரும் வளர்க்கக் கூடாது, விற்கக் கூடாது என்று சட்டம் வரப்போகிறதாம். ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாமாம்.

நான் நர்சரி வைத்திருப்பவன். அந்த வரைவைத் திருப்பித் திருப்பிப் படித்தும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஜாதிக்காயை அளவுக்கு மீறித் தின்றாலும்தான் தலை கிறுகிறுக்கும். அப்படியானால் ஜாதிக்காய் மரம்? கசகசாச் செடி? உறுப்பினர்கள் முன்னால் ஆவி பறக்கிறதே, அந்தக் காபி? எல்லாவற்றையும் கேட்டேன். தலைவர் பக்கத்திலிருந்த அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி காபியைப் பார்த்தார்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். முன்வரிசையில் அந்த அம்மா இருந்தார்.

ஊமத்தை விஷத்தால் செத்துப்போன கல்லூரிப் பையனின் அம்மா. இந்தச் சட்டம் வருவதே அந்தச் சாவால்தான். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவர் எதிரே நின்று வியாபாரம் பேச எனக்கு வாய் கூசியது. பேசாமல் திரும்பினால் என் கொட்டகையில் இருக்கிற செடிகளில் பாதியைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அப்புறம் என் வீட்டில் அடுப்பு எரியாது.

"எதைத்தான் தடை செய்யப்போறீங்க, அதையாவது காட்டுங்க" என்றேன்.

திரையில் படம் போட்டார்கள். புனல் மாதிரி ஒரு வெள்ளைப் பூ. கீழே ஊமத்தை என்று எழுதியிருந்தது.

ஊமத்தையாம். எனக்கு வந்ததே கோபம். பூவைப் பார்த்தவர்கள் தண்டைப் பார்க்கவில்லை. ஊமத்தை தன் காலில் நிற்கிற செடி. படத்தில் இருந்தது ஜன்னல் கம்பியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியிருந்தது. நாங்கள் அதை நிலாக்கொடி என்போம்.

இதற்கெல்லாம் என்ன கதி என்று கேட்பதற்காக நாலைந்து தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அதிலும் ஒரு நிலாக்கொடி இருந்தது. அதன் தளிர் ஒன்றைக் கிள்ளி, எல்லோரும் பார்க்க வாயில் போட்டு மென்றேன்.

"இந்தத் தளிரை நாங்க கீரை மாதிரி வதக்கிச் சாப்பிடுறோம். இது எப்படிங்க ஊமத்தை ஆகும்?"

பின்னாலிருந்து சிலர் சிரித்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அது அந்தப் பையன் வீட்டு ஜன்னல்ல எடுத்த படங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பையன் உடம்பில் ஊமத்தை விஷம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். தேடிப்போனவர்கள் வீட்டில் வெள்ளைப் பூவைப் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அப்படியானால் அவன் தின்றது வேறெங்கிருந்தோ வந்தது. இதை நான் சொல்லியிருக்க வேண்டுமா? அதுவும் இந்த அம்மா எதிரே, வாயில் இலையை மென்றுகொண்டு? நல்லது செய்தேனா, பாவம் செய்தேனா என்றே தெரியவில்லை.

அந்த அம்மா எழுந்து என்னிடம் வந்தார். தொட்டியில் இருந்த கொடியைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே. இது இல்லதானே?"

"இது இல்லம்மா."

அழப்போகிறார் என்று பயந்தேன். அழவில்லை. குழுவையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே விறுவிறுவென்று கடைசி வரிசைக்கு நடந்தார். அங்கே ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பையன் படத்தைச் செய்தியில் பார்த்திருக்கிறேன். அதே நெற்றி, அதே மூக்கு. இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டிலிருந்து வந்தவர்கள் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த அம்மா அவர் முன்னால் போய் நின்றார்.

"கேட்டீங்களாங்க? நான் வச்ச செடி இல்லையாம்."