சுவிஸ் மெசின்

சுவிஸிலிருந்து லீவில் வந்த குகதாசன், தான் கொண்டுவந்த சின்ன மின்சார உழவு மெசினைத் தங்கையின் வெங்காயக் காணியில் இறக்கினார். காணி முழுக்கக் களிமண்ணும் கல்லும்.

"நான் பிடிக்கட்டே அத்தான்?" என்றான் தங்கையின் புருசன் கோகுலன்.

"வேண்டாம். உங்களுக்கு இது விளங்காது."

மெசின் நாலடி போகும். கல்லில் தட்டுப்பட்டு நிற்கும். அவர் குனிந்து கல்லைக் கிளப்பி வேலியோரம் எறிவார். பிறகும் நாலடி.

தங்கை கேதீஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து, "சுவிஸ் மெசின் எண்டால் சும்மாவே அண்ணை" என்பாள்.

லீவு முடிவதற்குள் மெசினின் பற்கள் உடைந்துவிட்டன. குனிந்து குனிந்து அவருக்கு நாரி பிடித்துவிட்டது. வேலியோரம் கல் இடுப்பளவுக்குக் குவிந்திருந்தது.

"உந்த மண்ணுக்கு ஒண்டும் சரிவராது" என்று சலித்துக்கொண்டு பிளேன் ஏறினார்.

அன்று பின்னேரமே கோகுலன் ட்ரக்டர்காரனுக்குப் போன் எடுத்தான். "தம்பி, நீ கேட்டபடி கல்லெல்லாம் பொறுக்கியாச்சு. நாளைக்கு வந்து உழு."

கேதீஸ்வரி லண்டனுக்கு எடுத்தாள்.

"சின்னண்ணை, வரேக்கை பெரியண்ணை கொண்டந்த மாதிரி ஒரு மெசின் கொண்டு வாங்கோ. வீட்டுக்குப் பின்வளவு உழாமல் அப்பிடியே கிடக்கு. எங்களுக்கு உது விளங்காது, நீங்கள்தான் ஓடித் தரோணும்."