தெருப் பெயர் மட்டும்

"தெருப் பேரு வரலையேம்மா" என்றார் முத்துச்சாமி, போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்.

வராது. நான்தான் மறைத்து வைத்திருந்தேன்.

மாடிப் போர்ஷனுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அவர். நான் திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். நான் தங்கியிருக்கும் ஹாஸ்டலை இடிக்கப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் வீடு அமையாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். நைட் டூட்டிக்கு ஊரிலிருந்து வந்துபோக பஸ் கிடையாது.

என் போனில் இருந்த அடையாளச் சான்றை அவர் தன் போனில் ஸ்கேன் செய்திருந்தார். இன்ன போன், இன்ன ஆப்தான் வேண்டும் என்றெல்லாம் இல்லை. யார் ஸ்கேன் செய்தாலும் சான்று உண்மையா பொய்யா என்று சொல்லிவிடும். அதில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது என் இஷ்டம்.

பெயர், முகம், வேலை. மூன்றையும் காட்டினேன். மூன்றுக்கும் பச்சை டிக் விழுந்தது.

ஒரு வீட்டை வாடகைக்கு விட, இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

"எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தப் பக்கம்னு தெரிஞ்சா நமக்கு ஒரு இது."

அந்த 'இது' எது என்று எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை. ஊரைக் கேட்பார்கள். பிறகு தெருவைக் கேட்பார்கள். கொஞ்சம் நாகரிகமானவர்கள் ஆதார் ஜெராக்ஸ் கேட்பார்கள். அட்ரஸைப் படித்த கையோடு முகம் சுருங்கும், இல்லாவிட்டால் உள்ளேயிருந்து காப்பி வரும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேல நெசமான்னு கேளுங்க சார், காட்டுறேன். சம்பளத்தக் கேளுங்க, அதையும் காட்டுறேன். தெருவக் காட்ட மாட்டேன்."

அவர் சிரித்தார். எல்லாம் புரிந்துவிட்ட சிரிப்பு.

"மறைக்கிறவுக எதுக்கு மறைப்பாகன்னு நமக்குத் தெரியாதாம்மா?"

நல்ல வீடு. ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை தெரிந்தது. குழாயில் காவிரித் தண்ணீர் வந்தது. போனில் ஒரு தட்டுத் தட்டினால் தெருப் பெயரும் அவர் முன்னால் வந்து நிற்கும்.

தட்டவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

"அண்ணன் மகன் கேட்டுக்கிட்டு இருக்கான், பார்ப்போம்" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார். நான் திரும்பவில்லை.

தெருமுனையில் ராமுத்தாய் ஸ்கூட்டியோடு காத்திருந்தாள். என்னோடு லேபில் வேலை பார்ப்பவள், ஹாஸ்டலில் ஒரே அறை. வீடு எங்கள் இருவருக்கும்தான். போன வாரம் இதே வீட்டைப் பார்க்க அவள்தான் வந்தாள். கேட்டாரே என்று மொத்தச் சான்றையும் காட்டினாள். தெருவைப் படித்ததும், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நடந்ததைச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கூறு இருக்காடி ஒனக்கு? நீ தெருவக் காட்டியிருந்தா சாவியக் கையில குடுத்திருப்பாரேடி."

கொடுத்திருப்பார்தான். ஊரில் அவர் பிறந்த வீட்டுக்கு எதிர்வீடு எங்களுடையது. எனக்கு மாமா முறை. ஊரைவிட்டு வந்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டதில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.