கெசியா கேட்ட கை

"என் கையை அந்தப் புள்ளதான் தொடணும். வேற யாராவது ஊசியோட கிட்ட வந்தீங்க, நான் கத்துற கத்துல வார்டே எழுந்து ஓடும்!"

பத்தாம் எண் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி கெசியா விரலை நீட்டினாள். விரல் போன திசையில் நின்சீமா நின்றிருந்தாள். மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவி. மேற்கு உகாண்டாவின் அந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது.

நர்ஸ் ஜெனினாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இவளா? இவ ஊசியைக் கையில எடுத்தா, எழுந்து நிக்க முடியாதவங்ககூட கக்கூஸுக்கு நடந்தே போயிடறாங்க. தெரிஞ்சுதான் கேக்குறீங்களா அம்மா?"

"நல்லாத் தெரிஞ்சுதான் கேக்கறேன்."

நின்சீமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வாரத்தில் அவளைப் பார்த்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டவர்கள் உண்டு. தூங்குவதுபோல் குறட்டை விட்டவர்கள் உண்டு. அவள்தான் வேண்டும் என்று கேட்ட முதல் நோயாளி கெசியாதான்.

கெசியா காய்ச்சலும் வாந்தியுமாக வந்து சேர்ந்தவள். காய்ச்சல் போய்விட்டது. ரத்தத்தில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றிருந்தார் டாக்டர் கமுகாஷா.

நின்சீமா மூன்று இடத்தில் குத்தினாள். நாலாவது இடத்தில் ரத்தம், வரலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சொட்டியது.

"வலிக்குதா அம்மா?"

"சேச்சே. பஞ்சால தொடற மாதிரி இருக்கு. நீ நிதானமா எடு கண்ணு, எனக்கு என்ன அவசரம்?"

ஒரு மணி நேரத்தில் சோதனைக்கூடத்திலிருந்து குழாய் ஒரு சீட்டோடு திரும்பி வந்தது. 'ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன. சோதிக்க முடியாது. வேறு அனுப்பவும்.'

செவ்வாய்க்கிழமையும் அதே சீட்டு. புதன்கிழமை சீட்டில் 'தயவுசெய்து' என்று ஒரு வார்த்தை கூடியிருந்தது.

வியாழக்கிழமையும் குழாய் திரும்பி வந்தபோது டாக்டர் கமுகாஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் மாணவர்கள் ஓரமாக ஒதுங்கிவிடுவார்கள்.

"நின்சீமா, நாளைக்குள்ள ஒரு குழாயாவது ஒழுங்கா போய்ச் சேரணும். இல்லன்னா இந்த மூணு மாசப் பயிற்சியை நீ மறுபடி முதல்லேருந்து செய்யணும்."

பிறகு கெசியாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, இன்னிக்கு ஜெனினா எடுக்கட்டுமே? ஒரு நிமிஷம் ஆகாது."

"ஐயோ, வேண்டாம் டாக்டர்! இந்தப் புள்ளைக்கு நானே நம்பிக்கை குடுக்கலன்னா வேற யார் குடுப்பா?"

நின்சீமா நேரே கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தனக்காக அழவில்லை. அந்த அம்மாவின் இரண்டு கைகளும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தன. தன்னால்தானே ஒரு நல்ல மனுஷி வீடு போய்ச் சேராமல் இங்கே கிடக்கிறாள்!

அன்று மத்தியானம் அறைத்தோழி பிரிஜிட்டின் முன்னால் ஊசியும் பஞ்சுமாகப் போய் நின்றாள்.

"உன் கையைக் குடு."

"எதுக்கு? என்னைக் கொல்லப் போறியா?"

"முட்டைச் சப்பாத்தி வாங்கித் தர்றேன்."

"ஒரு குத்துக்கு எத்தனை?"

"ஒண்ணு."

பிரிஜிட் சட்டைக்கையை மடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு சப்பாத்தி செலவானபோது நின்சீமாவுக்கு ஒன்று புரிந்தது. அவள் பயந்து பயந்து, மெல்ல மெல்ல இழுப்பதில்தான் கோளாறே. நரம்பை விரலால் தடவிப் பார்த்து, ஒரே மூச்சில் போய்விட வேண்டும். ஏழாவது சப்பாத்திக்கு ரத்தம் குபுக்கென்று குழாயை நிறைத்தது. பிரிஜிட் கண்ணைத் திறந்து, "குத்திட்டியா?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கெசியா வழக்கம்போல் கையை நீட்டினாள்.

"வா கண்ணு. நிதானமா, ஒண்ணும் அவசர..."

"முடிஞ்சிருச்சு அம்மா."

"என்னது?"

நின்சீமா நிறைந்த குழாயைத் தூக்கிக் காட்டினாள். கெசியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தரை மணிக்குச் சோதனைக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. எல்லாம் சரி. டாக்டர் கமுகாஷா நின்சீமாவின் பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். "நல்ல செய்தியை நீயே போய்ச் சொல்லு" என்றார்.

அவள் வார்டுக்குள் ஓடினாள். ஜெனினா அதட்டியது காதில் விழவில்லை.

"அம்மா! இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்!"

கெசியாவின் முகம் தொங்கிப்போயிற்று. பிரியப்போகிற வருத்தம் என்று நினைத்த நின்சீமா, கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் என்னை நம்பலன்னா நான் படிப்பையே விட்டுட்டு ஊருக்குப் போயிருப்பேன் அம்மா. உங்களை உயிருள்ளவரை மறக்க மாட்டேன்."

கெசியா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் காதைப் பிடித்து வாயருகே இழுத்தாள்.

"அடிப்பாவி! இருபத்திரண்டு வருஷமா என் புருஷனுக்கு நான்தான் ஆக்கிக் கொட்டறேன். நான் இங்க வந்து படுத்த பிறகுதான் அந்த மனுஷன் முதன்முதலா ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் கரியடுப்பை மூட்டி, கண்ணெரிய வாழைக்காய் அவிச்சு, கடலைக் குழம்பு வெச்சு எனக்கு ஊட்டி விடறார். இந்த வார்டுலயே ரத்தம் எடுக்கத் தெரியாத ஒரே ஆள் நீதான்னு, ரெண்டு நாள் படுத்துக்கிட்டே பார்த்துப் பொறுக்கி எடுத்தேனே, இப்படிப் பண்ணிட்டியே!"