கல்லா ஓரத்துப் புத்தகம்

"வாரன்டி முடிஞ்சு ரெண்டு மாசமாச்சும்மா. இனிமே இந்த போனுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல."

பிரேசிலின் கருவாரு நகரக் கடைத்தெருவில் இருக்கும் அந்த செல்போன் கடைக்கு ஒசியேல்தான் மேனேஜர். எதிரே நின்ற ரொசில்டா நாலு வீடுகளில் துடைத்துப் பெருக்குகிறவள். செத்த போனை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டே நின்றாள்.

"கீழ போடல சார், தண்ணி படல. நேத்து வரைக்கும் நல்லா பேசுச்சு. காலைல பாத்தா உயிரே இல்ல. வேலைக்குக் கூப்பிடறவங்க இதுலதான் சார் கூப்பிடணும்."

"உயிர் போறத யாரும்மா தடுக்க முடியும்? புதுசா ஒண்ணு பாருங்க. தவணையில தர்றோம்."

பில் போடும் கெய்லா களுக்கென்று சிரித்தாள். ரொசில்டா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

அப்போதுதான் ஒசியேல் அதைக் கவனித்தான்.

கல்லா ஓரத்தில் நின்றிருந்த கண்ணாடிக்கார அம்மாள் ஒருத்தி, அங்கே கிடந்த நுகர்வோர் சட்டப் புத்தகத்தை எடுத்து விரித்திருந்தாள்.

பிரேசிலில் எந்தக் கடையானாலும் கண்ணில் படுகிற இடத்தில் அந்தப் புத்தகம் இருந்தாக வேண்டும். இங்கேயும் இருந்தது. கெய்லா அதன்மேல்தான் காபிக் கோப்பையை வைப்பாள். வாங்க வந்தவர்கள் யாரும் அதைத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை. தொட்டவர் ஒரே ஒருவர்தான். போன வருஷம் சாதாரணச் சட்டையில் வந்து நின்ற அரசாங்க ஆய்வாளர்.

அன்றைக்கு விழுந்த அபராதத்துக்கு முதலாளி போட்ட கூச்சல் ஒசியேலின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

"சட்டம் தெரிஞ்சு கேக்கறவனுக்குக் குடு. தெரியாதவன்கிட்ட வாயத் தொறக்காத. இன்னொரு அபராதம் வந்துச்சு, கடைச் சட்டையக் கழட்டி வெச்சுட்டு நீ போய்க்கிட்டே இரு!"

இந்தச் சட்டையைப் போடுவதற்கு முன்னால் இரண்டு வருஷம் பேருந்து நிலையத்தில் அவித்த சோளம் விற்றவன் அவன். வீட்டில் மனைவிக்கு இது ஏழாம் மாசம்.

அந்த அம்மாள் வரிக்கு வரி விரல் வைத்து நகர்த்தினாள். உதடு அசைந்தது. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். எழுதினாள்.

"சார், எழுதறாங்க சார்" என்று கிசுகிசுத்தாள் கெய்லா.

"எனக்கும் கண்ணு இருக்கு. கோப்பைய எடுத்து உள்ள வை."

அம்மாள் நிமிர்ந்தாள். சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலை ஒரு எழுத்து விடாமல் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, வாசலை நெருங்கிவிட்ட ரொசில்டாவைப் பார்த்தாள். மறுபடியும் நோட்டில் குனிந்தாள்.

தொலைந்தோம் என்று நினைத்தான் ஒசியேல். குளிர்சாதனக் காற்றிலும் முதுகு நனைந்துவிட்டது.

"அம்மா! நில்லுங்க! நில்லுங்கன்னா!"

ஓடிப்போய் வழி மறித்தான். ரொசில்டா வெலவெலத்துப்போய்ப் பையை விரித்துக் காட்டினாள்.

"நான் ஒண்ணும் எடுக்கல சார். வேணும்னா பாத்துக்குங்க."

"ஐயையோ, அதுக்கில்லம்மா! வாங்க, உக்காருங்க." கல்லா வரைக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினான். "வாரன்டி முடிஞ்சா என்னம்மா? நீங்க கீழ போடல, தண்ணி படல. அப்ப கோளாறு முதல்லயே உள்ள ஒளிஞ்சிருந்து இப்ப வெளிய வந்திருக்குன்னுதான் அர்த்தம். அதுக்கு நாங்கதான் பொறுப்பு. சட்டமே அப்படித்தான் சொல்லுது!"

"இப்பத்தான் சார் ஒட்டுமில்ல உறவுமில்லன்னு..."

"அது சும்மா ஒரு பேச்சுக்கு. கெய்லா, ரசீது போடு! இலவசமா சரி பண்ணித் தர்றோம்மா. அதுவரைக்கும் கடை போன் ஒண்ணு வெச்சுக்குங்க. உங்க சிம்மைப் போட்டுத் தர்றேன், வேலை கெட வேண்டாம்."

ரொசில்டாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. ரசீதை நாலாக மடித்துப் பத்திரப்படுத்திக்கொண்டு, "உங்க பிள்ள குட்டிங்க நல்லா இருக்கணும் சார்" என்று கண் கலங்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒசியேல் தன் கையாலேயே ஒரு காபி எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனான்.

"மேடம்... கடையில ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க. உடனே சரி பண்ணிடறோம்."

அந்த அம்மாள் திடுக்கிட்டு நோட்டை மூடினாள்.

"இத எடுக்கக் கூடாதா சார்? மன்னிச்சுக்குங்க. பெரியவங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுக்கற சாயங்கால வகுப்புல சேந்திருக்கேன். எந்தப் புத்தகத்துலயாவது பாத்து அஞ்சு வரி எழுதிட்டு வாங்கன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. எங்க வீட்டுல புத்தகத்துக்கு எங்க போறது? போனுக்கு உறை வாங்க வந்தேன், இது சும்மா கிடந்துச்சு."

நோட்டைத் திறந்து காட்டினாள். கோணல்மாணலாக, பெரிய பெரிய எழுத்தில் மூன்றரை வரி.

ஒசியேலுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. கொண்டுவந்த காபியைத் தானே ஒரு வாய் குடித்தான்.

"எழுத்துக்கூட்டிட்டேன் சார், அர்த்தம்தான் பிடிபடல" என்றாள் அந்த அம்மாள். விரல் அந்த வரியிலேயே நின்றது. "மறைந்திருக்கும் குறைபாடுன்னு போட்டிருக்கு. இப்ப அந்தப் பொண்ணுகிட்ட சத்தமா சொன்னீங்களே, அதுதானா இது?"

ஒசியேல் புத்தகத்தை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி மூடினான்.

"இல்லம்மா. அது வேற, இது வேற."