முழங்காலில் இருந்த பயம்

வெள்ளம் வந்த அன்று தன் தங்கையை ஆறு அடித்துக்கொண்டு போனதிலிருந்து, புள்ளிமான் கரைப்பக்கமே போவதில்லை. புல்நுனிப் பனியை நக்கியே மெலிந்துபோனது.

"இப்போ கணுக்கால் தண்ணிதானே, பயப்படாதே" என்று எல்லாரும் சொன்னார்கள்.

எருமை மட்டும், "பயம் உடம்புல எங்க இருக்கு?" என்று கேட்டது.

"முழங்கால்ல. நடுங்குது, அக்கா."

"அது அடங்குற வரைக்கும் இங்கேயே நிப்போம்."

மூடுபனிக்குள் இரண்டும் நின்றன. நாளுக்கு நாலடி ஆற்றை நெருங்கின. மான் தங்கையைப் பற்றியே பேசியது. எருமை அசைபோட்டபடி கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு விடியலில் ஆறு பால்போலப் புகைந்தது. மானின் குளம்பில் தண்ணீர் பட்டது.

"திரும்பிடலாமா?" என்றது எருமை.

"பயமாத்தான் இருக்கு, அக்கா. ஆனா தாகமாவும் இருக்கு" என்று சொல்லி, மான் மெல்லக் குனிந்தது.