கண்ணாடியைக் கழற்றவும்

கல்லூரி முதல்வர் எழுந்து தொண்டையைச் செருமியதும் இலக்கியத் துறை ஆசிரியை கடித்த பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

இன்று அவள் துறைக்கு மூடுவிழா. இலக்கியம், வரலாறு, தத்துவம் மூன்றையும் இழுத்து மூடிவிட்டு அந்த மாடியில் ரோபோ கூடம் கட்டப்போகிறார்கள். மேசையைச் சுற்றியிருக்கும் ஆட்சிக்குழு கை தூக்கினால் போதும். அவள் வேலையும் அதோடு சரி.

முதல்வர் கட்டடப் பொறியியல்காரர். மைக்கைப் பிடித்தால் கலவை இயந்திரம் ஓடுகிற மாதிரி இருக்கும் என்று ஒரு காலத்தில் கல்லூரியே கிண்டலடித்தது. இப்போது வெளியூரிலிருந்தெல்லாம் அவரைப் பேசக் கூப்பிடுகிறார்கள்.

இன்றும் சும்மா சொல்லக்கூடாது, வெளுத்து வாங்கினார்.

பசித்த பிள்ளையிடம் கவிதையை நீட்டலாமா என்று கேட்டபோது, எந்தக் கூட்டத்திலும் தூங்கிவிடும் பொருளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெற்ற மகளைப்போல இந்தத் துறைகளை வழியனுப்புவோம் என்றபோது, அவள் பக்கத்திலிருந்த வரலாற்று ஆசிரியர் மூக்கை உறிஞ்சினார். போகப்போவது அவர் வேலையும்தான்.

"என்னமா பேசுறான் பாவி" என்று அவள் காதில் முணுமுணுத்தார்.

அவள் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல்வர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் கண் கலங்கத்தான் செய்கிறது. இங்கே கண்ணாடியைக் கழற்றவும்."

அறை ஒரு கணம் திகைத்தது. பிறகு தலைவர் தன் கண்ணாடியைக் கழற்றினார். பொருளாளர் கழற்றினார். வரிசையாக எல்லோரும் கழற்றினார்கள். கண்ணாடியே போடாத ஒருவர், எதற்கு வம்பு என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

முதல்வர் தன்னுடையதைக் கழற்றியது கடைசியாகத்தான்.

துறைகளின் சார்பில் பேச அவளுக்கும் இரண்டு நிமிடம் தந்தார்கள். எழுந்து நின்றாள். நல்ல வரி ஒன்றுகூட மிச்சமில்லை. நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஓட்டே இல்லாத வரலாற்று ஆசிரியரின் கைகூடப் பாதிவரை போய்த் திரும்பியது.

கூட்டம் கலைந்ததும் முதல்வர் அவளை ஜன்னலோரம் ஒதுக்கினார்.

"ஏம்மா, செய்யவேண்டியத எல்லாம் சிவப்பு மையில எழுதித் தரக்கூடாதா? என் மானமே போயிருக்கும். ரோபோ கூடத் திறப்பு விழாவுக்காவது பாத்து எழுதுங்க."

சரி சார் என்றாள்.

சொதப்பலாக எழுதித் தருவது என்று முடிவெடுத்துத்தான் நேற்று உட்கார்ந்தாள். கை வரவில்லை.